பெஜோவை இறக்கி டி.ஐ. ஏற்றி ஏழு வருஷம்: ஒரு பழைய ஜீப்பின் கதை

எங்கள் ஜீப் 1978 மாடல் மகிந்திரா சி.ஜே. 3பி. பானெட் தூக்கலாக, நெற்றி ஏறிய ஆள் மாதிரி இருக்குமே, அந்த வண்டி. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் உயரமானது என்பதால்தான் அந்த பானெட்டே உயர்ந்தது. தொண்ணூறுகளில் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் அப்பா அதை இறக்கிவிட்டு பெஜோ டீசல் ஏற்றினார். ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக ஏறியிருக்கிறது. 2018-இல் அந்தப் பெஜோ மூச்சை விட்டது. அடுத்து என்ன எஞ்சின் என்ற கேள்வி என் தலையில் விழுந்தது.

வண்டிக்கு வேலை தாண்டிக்குடிப் பக்கம் உள்ள தோட்டத்தில். காபி, மிளகு, நடுவில் மலைவாழை. தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர். அதில் கடைசிப் பாதி வெறும் பாறையும் ஓடைத் தடமும்தான். மழைக்காலத்தில் எட்டு மூட்டை காபியோடு ஏறும்போது முதல் கியர், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ லீவர், நான்கு சக்கரமும் பிடித்தால்தான் வண்டி நகரும். வாரம் ஒரு முறை வத்தலக்குண்டு, மாதம் ஒரு முறை திண்டுக்கல். இதுதான் அதன் உலகம்.

பெஜோவைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன் அதற்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்.டி.பி. 4.90 என்ற அந்த எஞ்சினுக்கு 90 மில்லி போர் (சிலிண்டர் அகலம்), 83 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 2112 சி.சி. டீசலுக்கு நல்ல மிருதுவான எஞ்சின். சமதளத்தில் எண்பதில் போனாலும் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் அதன் 62 குதிரை சக்தியும் நிமிடத்துக்கு 4500 சுற்றில்தான் வரும். இழுவை (டார்க்) சுமார் 12 கிலோகிராம்-மீட்டர்தான். அது இறக்கிவிட்ட ஹரிக்கேனுக்கோ 15-க்கு மேல். அதாவது அப்பா செலவைக் குறைக்கப் போட்ட டீசல், பழைய பெட்ரோலை விட இழுவையில் குறைந்தது. இருபது வருஷம் நாங்கள் கிளட்சைத் தேய்த்து மேடு ஏறியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான் என்று 2018-இல்தான் எனக்குப் புரிந்தது.

இது இன்டைரக்ட் இஞ்செக்‌ஷன் எஞ்சின் வேறு, அதாவது டீசலை நேரே சிலிண்டருக்குள் அடிக்காமல் பக்கத்துச் சின்ன அறைக்குள் அடிக்கும் வகை. மார்கழி விடியலில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் போட்டு, எண்ணி, மறுபடி போட்டு, பேட்டரி இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். கடைசியில் ஹெட் கேஸ்கெட் இரண்டு முறை போய், மூன்றாவது முறை ஹெட்டே வளைந்திருந்தது.

எனக்கு முன்னால் ஐந்து வழி. அதே பெஜோவை முழுசாகப் போர் வேலை செய்வது. அதன் அண்ணன் எக்ஸ்.டி.3பி., 2498 சி.சி., அர்மடாவில் வந்தது. டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும், மகிந்திராவின் 2523 சி.சி. நேரடி இஞ்செக்‌ஷன் எஞ்சின் எம்.டி.ஐ. 3200. அம்பாசிடர், கான்டஸாவில் வந்த 1995 சி.சி. இசுசு. டெம்போ டிராக்ஸில் வந்த ஓ.எம். 616, பென்ஸ் வம்சம்.

இசுசு மேல்தான் எனக்கு மோகம். சத்தமே கேட்காது. நண்பர் ஒருவர் வண்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆனால் வேறு கம்பெனி எஞ்சின். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஜீப்புக்கே வந்த எஞ்சின் என்றால் அனுமதி கேட்டுப் பேசலாம், கார் எஞ்சினை வைத்துக்கொண்டு பேச எனக்குத் தைரியமில்லை. நான் வேலையை முடித்த சில மாதங்களில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அழுத்தமாகச் சொல்லித் தீர்ப்பளித்தது. அப்போது இசுசு நண்பர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓ.எம். 616 நல்ல கட்டை. இதே காரணத்தால் அதையும் விட்டேன்.

எக்ஸ்.டி.3பி.-க்கு அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கே போய்விட்டேன். அப்போது வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "தம்பி, வண்டிய மதுரைக்கு ஓட்டப் போறீங்களா, தோட்டத்துக்கு ஓட்டப் போறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல." தோட்டத்துக்கு என்றேன். "அப்ப டிராக்டர் எஞ்சினப் போடுங்க. ஆள அடிச்சாலும் நிக்காது."

அவர் டிராக்டர் எஞ்சின் என்றது கிண்டலுக்கு இல்லை. டி.ஐ.யின் அளவு 88.9 மில்லி போர், 101.6 மில்லி ஸ்ட்ரோக். அங்குலத்தில் மூன்றரைக்கு நான்கு. இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எஞ்சினுக்கும் இதே நான்கு அங்குல ஸ்ட்ரோக்தான். அந்த வம்சம். நீண்ட ஸ்ட்ரோக், குறைந்த சுற்று, நேரடி இஞ்செக்‌ஷன். கமாண்டரிலிருந்து பிக்கப் வரை எல்லாவற்றிலும் ஓடியதால் பிஸ்டன் செட் கேட்டால் கடைக்காரர் ஏணி போட்டு ஏறாமல் கைக்கெட்டும் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். இந்த ஒன்றுக்காகவே எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடலாம்.

எஞ்சின் வாங்கியதில் அடி வாங்கினேன். முதலில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்தது, ஷெட்டில் தண்ணீர் விட்டு ஓடவிட்டதும் அரை மணியில் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறத்தில் ஆயில், தண்ணீர் கலந்திருந்தது. பெயிண்டைச் சுரண்டினால் பிளாக்கில் மயிரிழை விரிசல், மேலே பசை வைத்துப் பூசியிருந்தார்கள். சண்டை போட்டுப் பாதிப் பணம்தான் திரும்பியது. இரண்டாவது எஞ்சினை ஓடும் நிலையில் இருந்த பிக்கப்பிலிருந்து, ஸ்டார்ட் செய்து பார்த்து வாங்கினேன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓடும்போதே வாய்மேல் உள்ளங்கையை வைத்தேன். லேசாக மூச்சு விடுவது மாதிரி இருந்தால் பரவாயில்லை. குப்குப்பென்று தள்ளி, கை ஆயிலாகிப் போனால் ரிங் போயிற்று என்று அர்த்தம். கிராங்க் ஸ்டாண்டர்ட் அளவிலேயே இருக்கிறதா, ஏற்கெனவே கிரைண்டிங் ஆகியிருக்கிறதா என்பதையும் கேட்டு, நம்பாமல், சம்ப்பைக் கழற்றி அளந்தோம். எஞ்சின் நம்பர், அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகல், பில் மூன்றும் கையில் வந்த பிறகே பணம் கொடுத்தேன். முன் அனுமதிக்கு இவைதான் ஆதாரம். பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த பென்சில் பிரிண்ட்டை நம்பரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

எஞ்சின் 45,000, உள்வேலை 38,000, மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச், லேத் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 30,000. முதல் எஞ்சினில் விட்டதை இதில் சேர்க்கவில்லை, வீட்டில் இன்னும் தெரியாது.

பிறகு என்ன ஆயிற்று? முதல் நாளே தோட்டத்துப் பாதையில் வித்தியாசம் தெரிந்தது. சி.ஜே.யின் டி-90 கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 2.8, லோ லீவரில் 2.46, அச்சு நடுவில் உள்ள ஹவுசிங்கில் (டிஃபரென்ஷியல்) 5.38. மூன்றையும் பெருக்கினால் 37, அதாவது எஞ்சின் 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் 700 சுற்றில் சும்மா ஓடினாலே வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருந்தேன். பெஜோ இதே இடத்தில் திணறி நின்று, கிளட்ச் வாடை வந்து, பின்னால் கல் வைக்க ஆள் ஓடுவார்கள். இப்போது கல் வைக்கும் பையன் வண்டிக்கு முன்னால் நடக்கிறான். ஹீட்டர் தொல்லையும் ஒழிந்தது. டிசம்பர் விடியலில் அரைச் சுற்றில் எடுக்கிறது. தோட்டத்து ஓட்டத்தில் லிட்டருக்கு ஒன்பது கொடுத்தது பதினொன்று கொடுக்கிறது.

சரி, இனி வேதனை. அதிர்வு! சும்மா நிற்கும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருபவர் இரண்டு பேராகத் தெரிவார். இந்த ஏழு வருஷத்தில், 41,000 கிலோமீட்டரில், சைலன்சர் கிளாம்ப் நான்கு முறை விட்டது. ஹெட்லைட் வளையத்து ஸ்க்ரூ எங்கே விழுந்தது என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். எஞ்சின் மவுண்டிங் ரப்பரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். பெஜோவை விட எடை அதிகம் என்பதால் முன்பட்டை (ஸ்பிரிங்) தணிந்து, ஒரு லீஃப் சேர்த்தேன். மூன்றாவது வருஷம் கியர்பாக்ஸில் கிளஸ்டர் கியரும் பேரிங்கும் போயின. டி-90 பெட்ரோல் காலத்துப் பெட்டி, டீசலின் இந்த உதறலைத் தாங்கிக்கொள்கிறதே என்று பாவமாகக்கூட இருக்கிறது. அம்மா இந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார். "வயித்துல இருக்கறது மோராயிடும்டா" என்பது அவர் தீர்ப்பு.

இதெல்லாம் தெரிந்தே வாங்கியது. தெரியாமல் சறுக்கியது ஒன்றுதான்: பின் ஹவுசிங்கில் உள்ள பல் கணக்கை நான் யோசிக்கவே இல்லை.

5.38 என்பது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 43 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னதில் 8. நான்காயிரம் சுற்று சுற்றும் எஞ்சினுக்காக வைத்தது. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் ஓடும். 2500 சுற்றில் டாப் கியரில் என் வேகம் 61 கிலோமீட்டர். 3000-க்கு முறுக்கினால் 73, ஆனால் அப்போது உள்ளே உட்கார முடியாது. டி.ஐ.யின் பெயரிலேயே 3200 இருக்கிறது, அதற்கு மேல் அதனிடம் கேட்கவும் கூடாது. ஆக வத்தலக்குண்டு–திண்டுக்கல் ரோட்டில் ஐம்பத்தைந்தில் ஓரமாகப் போகிறேன். ஷேர் ஆட்டோ முந்துகிறது. 39-க்கு 8 பல் உள்ள 4.88 போட்டிருந்தால் அதே 2500-இல் 67 வரும். மலையில் ஊரும் வேகம் இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் ஆகும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. எஞ்சின் இறங்கிக் கிடந்தபோதே ஹவுசிங்கையும் திறந்திருந்தால் ஒரே கூலியில் முடிந்திருக்கும்.

உங்கள் வண்டியில் என்ன பல் என்று தெரியாவிட்டால் ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்கு வரும் ஜாயின்ட் ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று ஒருவர் குனிந்து எண்ண வேண்டும். ஐந்தேகாலைத் தாண்டிக் கொஞ்சம் வந்தால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 4.88. எஞ்சின் பேரம் பேசப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

போன மாசம் பின்பக்கத்துக்கு 39-8 செட் ஒன்று கிடைத்தது. பல் தேயாமல் நன்றாக இருக்கிறது. முன்பக்கத்துக்கும் அதே பல் கிடைத்தால்தான் மாட்ட முடியும். பின்னால் ஒரு பல், முன்னால் ஒரு பல் என்று வைத்துக்கொண்டு ஃபோர்வீல் லீவரைப் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். அதுவரை அது கிரீஸ் தடவி, காபிச் சாக்கில் சுற்றி, ஷெட்டில் மிளகு ஏணிக்குப் பின்னால் இருக்கிறது.