மழை இறங்கும்போது எந்த டயர்? பந்திங் பட்டறையிலிருந்து ஓர் அலசல்

மலேசியாவில், பந்திங்கிலிருந்து செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகும் வழியெல்லாம் செம்பனைதான். எங்கள் பட்டறையும் தோட்டத்து ஓரத்தில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நீண்டதூரப் பந்தயத்துக்குக் காடி (கார்) தயார் செய்வோம். 1600 சிசி, முன்சக்கர இழுப்பு. செப்பாங் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், ஆயிரம் கிலோமீட்டர் ஓட 181 சுற்று. எங்கள் மாதிரி சின்னக் காடிக்கு அது ஒரு பகல் முழுக்க ஆகும் வேலை. நம் பக்கத்தில் ஒரு பகல் மழையில்லாமல் கழிவது அபூர்வம்.

மழை வந்தால் கையில் மூன்று வழி: காய்ந்த தடத்துக்கான ஸ்லிக் டயரிலேயே தாக்குப்பிடிப்பது, லேசாக வரி வெட்டிய இடைநிலை டயருக்கு மாறுவது, ஆழமான வரியுள்ள முழு மழை டயருக்கு மாறுவது. எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அதை எப்போது மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஸ்லிக். வரி இல்லாத டயர், தண்ணீர் ஒதுங்க இடமே இல்லை. விமான டயர்களைச் சோதித்து நாசா கண்டறிந்த ஒரு கணக்கு உண்டு. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 36 பிஎஸ்ஐ என்றால் 100 கிலோமீட்டர், 25 என்றால் 83. காடியின் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, ஆனாலும் கணக்கு காட்டும் திசை சரிதான். செப்பாங்கின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளில் எங்கள் காடியே 150ஐத் தாண்டும். அந்த வேகத்தில் ஸ்டீயரிங் திடீரென்று எடையில்லாமல் போவதை ஒருமுறை உணர்ந்தவர் மறக்கமாட்டார்.

அப்படியிருந்தும் ஏன் ஸ்லிக்கில் தங்குகிறார்கள்? தடம் பெரியது. முதல் திருப்பத்தில் கொட்டும்போது பின்பக்க நேர்ப்பாதை காய்ந்து கிடக்கும். மேகம் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வராதவருக்கு ஒரு நிறுத்தம் மிச்சம். இரண்டு ஆண்டுக்கு முன் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். "அண்ணே, அந்தப் பக்கம் காஞ்சு கிடக்கு, ஒரு ரவுண்டு பொறுத்துப் பார்ப்போம்" என்றான் டைமிங் பார்த்த தம்பி. சரி என்றேன். அதே சுற்றில் ஒன்பதாம் திருப்பத்தில், சரிந்து இறங்கும் அந்தக் கொண்டை வளைவில், காடி நேராகப் போய் சரளைக்கல்லில் உட்கார்ந்தது. இழுத்து வெளியே எடுத்து ஓட்டத்துக்குத் திரும்ப நாலு சுற்று ஆனது. அதாவது 22 கிலோமீட்டர். டயர் மாற்ற எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். மிச்சம் பிடிக்க நினைத்தது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

இடைநிலை டயருக்கு செப்பாங்கில் நல்ல பெயர் உண்டு. 2001 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மழை கொட்டியபோது மற்றவர்கள் முழு மழை டயர் மாட்ட, ஃபெராரி இடைநிலையை எடுத்தது. எல்லாரையும் மெதுவாக நடத்திச் செல்லும் பாதுகாப்புக் காடி விலகியதும் ஃபெராரியின் ஷூமாக்கர் எல்லாரையும் முந்திப் போய் வென்றார், அதே குழுவின் பாரிக்கெல்லோ இரண்டாவது. 2009இலும் முதல் மழைக்குப் பலர் முழு மழை டயர் எடுக்க, டிமோ குளோக் இடைநிலையில் சரசரவென்று முன்னேறி மூன்றாவதாக முடித்தார்.

அதே 2009இல் கடைசியில் வந்த மழைக்கு எந்த டயரும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 56 சுற்றில் 31 மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டு, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். பிரெல்லி தன் ஃபார்முலா ஒன் டயர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, 300 கிலோமீட்டர் வேகத்தில் முழு மழை டயர் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும், இடைநிலை 30 லிட்டர். நாலு மணிக்கு மேல் இடியோடு இறங்கும் நம் மழைக்கு 30 லிட்டர் பத்தாது.

எங்கள் கையில் இருக்கும் இடைநிலை, பட்டறையில் வெட்டியதுதான். பழைய ஸ்லிக்கில் சாக்கட்டியால் கோடு போட்டு, சூடேறும் வெட்டுக்கத்தியை அந்தக் கோட்டில் மெல்ல இழுக்க வேண்டும். ரப்பர் சுருள் சுருளாக எழும்பும், புகை கண்ணைக் கரிக்கும். அவசரப்பட்டால் கத்தி ஆழமாகப் போய் உள்நூலைத் தொட்டுவிடும், அந்த டயர் அவ்வளவுதான். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் தாத்தா, பட்டையைத் தாண்டி மரத்தைக் கத்தி தொட்டால் அன்று முழுக்கப் பேசமாட்டாராம். கை வெட்டு டயரை விதிப்புத்தகம் அனுமதிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தூறலுக்கும், மழை விட்டு ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்துக்கும் இது அருமையான டயர்.

இப்போது முழு மழை டயர். இதன் பகை காய்ந்த தடம். 2009இல் ஃபெராரி ஓட்டுநர் ரைக்கோனன் மேகத்தைப் பார்த்து முன்கூட்டியே இதை மாட்டினார். மழை வரத் தாமதித்தது, சில சுற்றில் டயர் நாசமானது. மென்மையான ரப்பர் கட்டைகள் சூட்டில் ஆடி, கொப்பளித்து, துண்டு துண்டாக உதிரும். ஆகவே மேகத்தைப் பார்த்து மாட்டாதீர்கள், தடத்தில் தண்ணீரைப் பார்த்து மாட்டுங்கள். மழை விட்ட பிறகு ஓட்டுநர் நேர்ப்பாதையில் ஈரமான ஓரத்தைத் தேடிப் போனால் டயர் குளிர்ந்து இன்னும் பல சுற்று தாங்கும். விடியலில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் சுமத்ரா காற்றுமழை என்றால் யோசிக்கவே வேண்டாம். முதல் அடி ஓய்ந்தாலும் தூறல் நீண்டநேரம் நிற்கும், முழு மழை டயர் தன் வேலையைச் செய்யும்.

முன்சக்கர இழுப்பா, பின்சக்கர இழுப்பா என்றும் கேட்பார்கள். மழையில் முன்சக்கரக் காடி மன்னிக்கும். பின்சக்கரக் காடியில் வளைவை விட்டு வெளியேறும்போது கால் கொஞ்சம் அழுத்தினாலும் வால் சுற்றிக்கொள்ளும். அப்புறம் ஓட்டுநர். வேகமானவரைவிட நிதானமானவரை மழைக்கு உட்கார வையுங்கள். காய்ந்த நாளில் எல்லாரும் போகும் பாதை ரப்பர் படிந்து மழையில் வழுக்கும், அதை விட்டு விலகி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியாமல் காலையிலேயே பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவித் துடைத்து வைத்துவிடுங்கள். முன்னால் ஒன்றும் தெரியாவிட்டால் எந்த டயரும் உதவாது.

இந்த முறை எங்கள் பிட்டில் முழு மழை டயர் நாலும் காற்றடித்து முன்வரிசையில் இருக்கும், வெட்டிய ஸ்லிக் அதன் பின்னால். ரேடியோவில் ஓட்டுநருக்கு ஒரே விதிதான் சொல்லியிருக்கிறோம்: ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் வைப்பரை முழு வேகத்தில் போட வேண்டி வந்தால், கேட்காமல் உள்ளே வந்துவிடு.