மகளுக்காக வாங்கிய பிபி மெஷின்

கர்ப்பத்தின் ஏழாம் மாதம் மகளுக்கு பிபி ஏறியதும் டாக்டர் சொல்லி வாங்கினோம். மேல்கையில் கட்டும் வகை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அளவு தடுமாறும். கர்ப்பிணிகளிடம் சோதித்த மாடலா என்றும் கேளுங்கள். ஒரே பட்டன், எண்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால் கூட வந்த பட்டை அவள் கைக்குச் சின்னது. சின்னப் பட்டை பிபியைக் கூட்டிக் காட்டும். பெரியதைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று, அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

ஒரு மாலை 150/100 காட்டியது, தலைவலியும் இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சிறுநீரில் புரதம், ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிபி ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) என்றார்கள். குழந்தையின் எடையும் குறைவு. 36 வாரத்தில் சிசேரியன், இருவரும் நலம். பிரசவத்துக்குப் பிறகும் பிபி ஏறலாம் என்பதால் இப்போதும் தினமும் பார்க்கிறோம்.