பொருட்தலைப்பிடச் சியர்ஸா, காங்கிரஸ் நூலகப் பட்டியலா?

யாழ்ப்பாணத்துப் பாடசாலை நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் நூற்பட்டியலை ஒழுங்குபடுத்த முனைவோர், பொருட்தலைப்புகளுக்கு, அதாவது ஒரு நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொற்களுக்கு, எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது என்று கேட்கின்றனர். இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தரும் சியர்ஸ் (Sears) பட்டியலையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

செலவு: சியர்ஸ் பட்டியலை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பயன்படுத்தும் எளிமை: 1923 இல் சிறிய நூலகங்களை எண்ணித் தொகுக்கப்பட்ட சியர்ஸ், தலைப்புகளோடு தூயி தசாம்சப் பகுப்பெண்களையும் (நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் எண்கள்) காட்டுவதால், தனியொருவராகப் பணிபுரியும் நூலகருக்குப் பெரும் உதவியாகும். காங்கிரஸ் பட்டியலோ மிகப் பெரியது. தலைப்புகளோடு உட்பிரிவுகளைச் சேர்க்கும் விதிகளைப் பயிலவே காலம் எடுக்கும்.

உள்ளூர்ப் பொருள்: இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பனை பற்றிய நூலுக்கு வெறுமனே ‘மரங்கள்’ என்று தலைப்பிட்டால், பனையைத் தேடிவரும் மாணவர் அந்நூலைக் காணாமலே திரும்புவார். சியர்ஸில் தனித் தாவரப் பெயர்களை நூலகரே சேர்த்துக்கொள்ள இடமுண்டு. காங்கிரஸ் பட்டியலில் புதிய தலைப்பை முறைப்படி சேர்க்க, முன்மொழிந்து ஏற்புக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை என்பதால், எதை எடுத்தாலும் ஒரு பொருளுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை நிலைநிறுத்தி, ‘கமம்’ எனத் தேடுபவரை ‘வேளாண்மை’க்கு வழிப்படுத்தும் ‘காண்க’ குறிப்புகளை எழுதியே ஆகவேண்டும்.

பிற நூலகங்களின் நூற்பட்டியற் பதிவுகளை இறக்கிப் பயன்படுத்தும் பல்கலைக்கழக, ஆய்வு நூலகங்களுக்குக் காங்கிரஸ் பட்டியலே பொருந்தும். சில ஆயிரம் தமிழ் நூல்கள் கொண்ட பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ சியர்ஸையே பரிந்துரைப்பேன்.