மருந்து விற்க மறுத்த சீன மருந்துக்கடைக்கு நாலரை நட்சத்திரம்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிற மெடிக்கல் ஹால். பெயர் போட வேண்டாம் என்று சின்சே, அதாவது அங்கே இருக்கிற சீன வைத்தியர், கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை வரும், நம்ம நாட்டு மருந்துக்கடை வாசனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

நான் போனது பெரியம்மாவுக்காக. பெருங்குடல் புற்றுநோய், இரினோடெக்கான் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து ஏற்றி நாலைந்து நாளில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் மனுஷி அப்படியே சுருண்டுவிடுகிறார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு சீன மூலிகையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் பேச்சைக் கேட்டு முதலில் வேறொரு கடைக்குப் போனேன், அங்கே எந்த நோய், என்ன மருந்து என்று ஒரு கேள்வி கிடையாது, லிங்ஷி வித்துத்தூள் டப்பாவை எடுத்து வைத்து 168 வெள்ளி என்றார்கள், கேன்சருக்கு ரொம்ப நல்லது என்று வேறு காதோடு சொன்னார்கள். புற்றுநோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய இங்கே சட்டம் விடாது, அதனால்தான் அந்தக் குசுகுசு. (லிங்ஷி செடியே இல்லை, காளான். அது கிடக்கட்டும்.) வாங்காமல் வந்துவிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்ததில்தான் ஒரு வேடிக்கை தெரிந்தது. பெரியம்மாவுக்கு ஏறுகிற மருந்தே ஒரு சீன மரத்திலிருந்து வந்ததுதான்! சீனாவில் ஷி ஷு என்று சொல்கிற மரம், மகிழ்ச்சி மரம் என்று அர்த்தம். அதிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து, அதன் வடிவத்தை 1966-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் வேலை பார்த்த மன்ரோ வாலும் மன்சுக் வானியும். செல் பெருகும்போது டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்த ஒரு நொதி ஓர் இழையை வெட்டி மறுபடி ஒட்டும், இந்தப் பொருள் அந்த நொதியை வெட்டின நிலையிலேயே சிக்கவைத்துவிடும், செல் செத்துப்போகும். ஆனால் அதை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்து, சோதனையையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பல வருஷம் கழித்து ஜப்பானில் அதை மாற்றி இரினோடெக்கானாக ஆக்கினார்கள், யார் தெரியுமா, சின்னச் சின்னப் பாட்டிலில் பால் விற்கிற அதே யாகுல்ட் கம்பெனி. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-ல். மரப்பட்டையிலிருந்து மருந்துக்கு வர முப்பது வருஷம்.

இந்த மருந்தால் வருகிற வயிற்றுப்போக்குக்கும் ஒரு சீனக் கஷாயம் இருக்கிறது. ஹுவாங் சின் டாங், சுமார் 1800 வருஷப் பழசு, சரக்கு நாலே நாலு: ஹுவாங் சின் வேர், வெண் பியோனி வேர், அதிமதுரம், சிவப்பு டேட்ஸ். யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் என்பவர் குழு இதைத்தான் வருஷக்கணக்கில் ஆராய்ந்தது. கல்லீரல் இரினோடெக்கானை முடிச்சுப் போட்டுக் குடலுக்கு அனுப்புகிறது, குடல் பாக்டீரியா அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது, வயிறு கெடுவதற்கு அது முக்கியக் காரணம். கஷாயம் அந்த அவிழ்ப்பைத் தடுக்கிறது, எலிகளில் புண்ணான குடல் சீக்கிரம் தேறியது. மனிதர்களிடம் நடந்தது சின்னச் சோதனைகள்தான். நான் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இந்தக் கடைக்கு ஓடினேன்.

சின்சேக்கு எழுபது வயதிருக்கும். கஷாயத்தின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கீமோ?" போனில் இருந்த மருந்துச் சீட்டைக் காட்டினேன். மெல்ல எழுந்து போய் நாலு இழுப்பறையைத் திறந்து நாலு சரக்கையும் ஒரு தாளில் பரப்பினார், ஹுவாங் சின் வேரை முகரச் சொன்னார், நல்ல மஞ்சள், நாக்கில் வைத்தால் கசப்பு. சரி, கட்டப்போகிறார் என்று பர்ஸை எடுத்தேன். அத்தனையையும் திருப்பி இழுப்பறையில் போட்டுவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் கட்டித் தருகிறேன், அதுவரைக்கும் முடியாது என்றார்.

ஏன் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருப்பது ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி செய்த மருந்து, என் இழுப்பறை வேர் போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று, கீமோவின் அளவை ஏற்றுமா இறக்குமா என்று நான் எப்படிச் சொல்வது என்றார். பெல்ஜியம் கதையையும் அவரே சொன்னார். 1990களின் ஆரம்பத்தில் அங்கே உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. ஃபாங் ஜி என்ற பெயரில் இரண்டு வேர் உண்டு, அந்த மாத்திரையில் ஒன்றுக்குப் பதில் மற்றது கலந்துவிட்டது. அந்த மற்றது நம்ம ஆடுதீண்டாப்பாளையின் இனம் என்று வீட்டுக்கு வந்து தேடினபோதுதான் தெரிந்தது, ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே வைத்திருக்கிறோம்.

இருபது நிமிடம் பேசியதற்கு ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

மருத்துவமனையில் கேட்டோம், இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற லோபெரமைடு மாத்திரை எப்போது, எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள், அதோடு இந்தச் சுற்று பெரியம்மா பரவாயில்லை. அடுத்த வாரம் சின்சேயிடம் போய்ச் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். பெரியப்பா தனக்கென்று கால் கிலோ சிவப்பு டேட்ஸ் வாங்கிக்கொண்டார்.

அரை நட்சத்திரம் குறைத்தது, கார்டு, போனில் பணம் அனுப்புகிற பேநவ் எதுவும் கிடையாது, காசுதான். உட்கார இருப்பது ஒரே ஸ்டூல், அதிலும் பாதி நேரம் பூனை படுத்திருக்கும். போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் சின்சே தூங்கிவிடுகிறார்.