சமன்பாட்டுக்குப் பட்டைப் படம்: பல வருஷம் பயன்படுத்திய அனுபவம்

தக்கலைப் பக்கம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய சமன்பாடுகளை டேப் டயகிராம், அதாவது எண்களை நீளப் பட்டையாகக் காட்டும் படம் போட்டுத்தான் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். 1980-களில் சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் பரவிய பட்டைப் பட முறையும் இதுவும் ஒரே வகைதான்.

தோவாளையில் 4 முழம் பிச்சிப்பூவும் 20 ரூபாய்க்குத் துளசியும் வாங்கினால் மொத்தம் 180 ரூபாய். முழம் என்ன விலை? ஒரு முழத்தின் விலையை ‘க’ என்று வைத்தால் 4க + 20 = 180. நீளமாக ஒரு பட்டை வரைந்து, ஒரே அளவில் நான்கு ‘க’ கட்டம், ஓரத்தில் 20, மேலே 180. அந்த 20-ஐ வெட்டிவிட்டால் நான்கு கட்டத்துக்கும் சேர்த்து 160, ஒன்றுக்கு 40. இதற்கு விதி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடைப்புக்குறி. 3க + 6 = 30, 3(க + 6) = 30 இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகவே போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் பட்டை வரையச் சொன்னேன். வரைந்து முடிக்கும் முன்பே ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், ரெண்டாவதுல 6 மூணு தடவை வருதுல்லா?” முதல் கணக்கில் க = 8, இரண்டாவதில் 4. வாயால் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது அங்கே ஏறியது.

கட்டம் போட்ட நோட்டு மட்டும் வேண்டாம். க + 35 = 50 என்றால் 35 கட்டம் எண்ண உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளைத் தாள் போதும்; நீளம் அளவுக்குப் பொருந்த வேண்டியதில்லை, ‘க’ கட்டங்கள் மட்டும் தங்களுக்குள் சமமாக இருக்க வேண்டும்.

5க + 4 = 2க + 19 போல இருபக்கமும் ‘க’ வந்தாலும், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டை போட்டு, இரண்டிலும் இரண்டிரண்டு ‘க’வை அடித்துவிடலாம். மிச்சம் 3க + 4 = 19, க = 5. க + 9 = 4 வந்தால்தான் படம் நின்றுவிடுகிறது; குறை எண்ணுக்கு நீளம் வரைய முடியாதே. அந்தப் பாடம் வந்ததும் படத்தை விட்டு, இருபக்கமும் 9-ஐக் கழிக்கச் சொல்வேன். பட்டையில் 20-ஐ வெட்டிப் பழகிய பிள்ளைகள் அதில் தடுமாறுவதில்லை.