தேனீயா, ஈயா? இறக்கையை எண்ணுவதை விட்டு உணர்கொம்புக்கு மாறிய கதை

தமிழில் பெயரே தேன் ஈ என்றுதான் இருக்கிறது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பூவில் உட்கார்ந்திருப்பது நிஜத் தேனீயா, தேனீ வேடம் போட்ட ஈயா என்று கண்டுபிடிக்க இறக்கை, கண், உணர்கொம்பு என மூன்று வழிகளைச் சொல்வார்கள். மூன்றையும் பழகிப் பார்த்த பிறகு நான் உணர்கொம்புப் பக்கம் வந்துவிட்டேன். நிறமும் மஞ்சள் பட்டையும் கணக்கிலேயே வேண்டாம். ஈ காப்பியடிப்பதே அதைத்தான்.

இறக்கைக் கணக்கு சரியானதுதான். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. ஆனால் தேனீயின் பின் இறக்கை நுண்ணிய கொக்கிகளால் முன் இறக்கையோடு மாட்டிக்கொள்வதால், பக்கத்துக்கு ஒன்றுதான் என்று தோன்றும். ஒருமுறை படத்தில் இரண்டே இறக்கைகளைப் பார்த்து ‘ஈ’ என்று குறித்துவைத்தேன். மறுநாள் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னங்காலில் மகரந்த உருண்டை! வேலைக்காரத் தேனீயேதான்.

கண்ணும் அப்படித்தான். பெரிய கண்கள் உச்சந்தலையில் ஒட்டியிருந்தால் ஈ என்பார்கள். ஆண் தேனீக்கும் கண்கள் உச்சியில் ஒட்டித்தான் இருக்கும். பல பெண் ஈக்களுக்கோ நடுவில் இடைவெளி இருக்கும்.

இனி உணர்கொம்பு. தேனீயுடையது நீளமானது. முதல் கணு நீண்டு, அங்கிருந்து முழங்கை போல மடங்கும். பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. பூவுக்குள் தலையை நுழைக்கும்போது இரண்டும் தடவித் தடவி அசைந்துகொண்டே இருக்கும். எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். உருவம், பழுப்பு நிறம், பறக்கும் விதம் எல்லாம் தேனீயை உரித்து வைத்ததுபோல இருக்கும். முகத்துக்கு நேராகப் பார்த்தால் கண்களுக்கு நடுவே இரண்டு குட்டை மொட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மயிரிழை. அவ்வளவுதான் அதன் உணர்கொம்பு.

நான் இதைப் பிடித்துக்கொள்ள முக்கியக் காரணம், சுமாரான படத்திலும் இது தெரிந்துவிடுகிறது என்பதுதான். இறக்கையை எண்ண பூச்சி அதை விரித்துக் காட்ட வேண்டும், படமும் துல்லியமாக விழ வேண்டும். உணர்கொம்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து எப்படி எடுத்தாலும் தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். கைபேசிப் படமே பெரும்பாலும் போதும்.

ஆனால் குளவி வேடம் போடும் ஈக்களிடம் இதை அப்படியே நம்பக் கூடாது. செரியானா, கிரைசோடாக்சம் போன்றவற்றுக்கு உணர்கொம்பே நீளம். அங்கே மறுபடி இறக்கையைத்தான் எண்ண வேண்டும். ஸ்பைலோமையா ஈக்களில் சில, கறுத்த முன்னங்கால்களைத் தலைக்கு முன்னால் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். சந்தேகம் வந்தால் பூவில் ஊன்றியிருக்கும் கால்களை எண்ணுங்கள், நான்குதான் இருக்கும்.