கேமிலும் அதே 7 மணி அலாரம்: வயது வந்தோர் சாண்ட்பாக்ஸ் விஷுவல் நாவல்களோடு நாலு வருஷம்

பதினெட்டு ஆகாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள். மற்றவர்களும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சூடான சமாச்சாரம் ஒன்றும் கீழே இல்லை.

2021 கடைசியில் பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் சேர்ந்தேன். அறைக்கு ரெண்டு பேர். என்னிடம் இருந்தது கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப். ரசனையால்தான் விஷுவல் நாவல், அதாவது படமும் வசனமுமாகக் கதை சொல்லும் கேம்கள் பக்கம் வந்தேன் என்று சொன்னால் பாதி பொய். மீதிக் காரணம் அந்த லேப்டாப்தான். இவற்றில் பெரும்பாலானவை ரென்பையில் செய்தவை. டாம் ரோதாமெல் 2004-ல் வெளியிட்ட இலவச எஞ்சின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், பைத்தான் மொழியில் எழுதியது. ஒரு படம், கீழே வசனம், நடுவில் ரெண்டு மூன்று தேர்வுகள், அவ்வளவுதான். எந்த ஓட்டை மெஷினிலும் ஓடும். ஆனால் கணினியில் உருவாக்கிய படங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விழுங்கிவிடும்.

நேர்கோட்டு விஷுவல் நாவலில் க்ளிக் பண்ணிக்கொண்டே போனால் கதை முடிந்துவிடும். சாண்ட்பாக்ஸில் ஒரு ஊரையே கையில் கொடுத்துவிடுவார்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று நாள் நகரும். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பதை நாமாகத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வகையின் ருசியே அங்கேதான். ஒரு கேமில் செவ்வாய் இரவு துணி துவைக்கும் கடைக்குப் போனால் மட்டும், மேல்மாடியில் குடியிருக்கும் விவாகரத்தான பெண் துணி காயும்வரை உட்கார்ந்து பேசுவாள். பழைய வீடு, விற்றுவிட்ட பியானோ என்று ஏதேதோ. தொடுதல்கூடக் கிடையாது. கேம் கணக்கில் மூன்று வாரம் அதைத் தவறவிட்டு, தற்செயலாகத்தான் உள்ளே நுழைந்தேன். நேர்கோட்டுக் கதையில் இதே காட்சி வந்திருந்தால் கண்ட்ரோல் கீயை அழுத்தி ஓட்டியிருப்பேன். நானே தேடிப் பிடித்ததால் நாலு வருஷம் கழித்தும் அந்தப் பியானோ ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இப்படி ஒரு செவ்வாய் கிடைக்க நூறு வெறும் நாட்களைத் தள்ள வேண்டும். பரிசு வாங்கக் காசு வேண்டும், காசுக்கு வேலைக்குப் போக வேண்டும், தெம்புக்குத் தூங்க வேண்டும். ஒருநாள் திருநெல்வேலிக்காரத் தம்பி, என் அறைத்தோழன், பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, இவனும் ஏழு மணிக்கு எந்திச்சு வேலைக்குத்தான் போறான்? இதுக்கு நீங்க சில்க் போர்டு சிக்னல் ட்ராஃபிக்லயே நிக்கலாமே.” பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்து என்ன செய்வது என்று குறிப்பு காட்டும் வசதி இல்லாத சாண்ட்பாக்ஸை அன்றிலிருந்து தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, பாசத்தைப் புள்ளியாக்குவது. பத்துத் தடவை பூ கொடுத்தால் பத்துப் புள்ளி, கதவு திறக்கும். அந்தப் பெண்ணுக்குப் பூ பிடிக்குமா என்று யாரும் யோசித்ததாகவே தெரியாது. சுதந்திரம் எல்லாம் நமக்கு, அவள் அட்டவணைப்படி நடமாடும் பொம்மை. பாத்திரங்களின் வயதை மழுப்பும் கேம்களும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே அழித்துவிடுவேன்.

அப்டேட் வேறு ஒரு தலைவலி. செய்பவர் சரியாக எழுதாவிட்டால், புதுப் பதிப்பில் சேர்த்த மாறிகளுக்கு (கேம் உள்ளுக்குள் வைத்திருக்கும் கணக்குகள்) பழைய சேவில் மதிப்பு இருக்காது. லோட் பண்ணியதும் பிழைத்திரை வந்து நிற்கும். நாற்பது மணி நேர விளையாட்டை எனக்கு இப்படி ஒருமுறை முதலிலிருந்து ஆட வேண்டி வந்தது. இன்னொன்று, விண்டோஸில் கேம் ஃபோல்டரை அழித்தாலும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் சேவ் கோப்புகள் தங்கிவிடும், சின்னப் படத்தோடு. அப்டேட் போடும்போது இது வரம். தங்கச்சி ரெஸ்யூமே அடிக்க லேப்டாப்பைக் கேட்கும்போது வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கேம் செய்பவர்களைக் காசு கொடுத்து ஆதரிக்கலாம் என்றாலும் லேசில்லை. தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி 2021 அக்டோபரில் வந்தது. அதன்பிறகு என் கார்டில் வெளிநாட்டு மாதச் சந்தா எதுவும் கழியவேயில்லை. 2025 ஜூலையில் பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் நெருக்கடியால் கேம் விற்கும் தளமான ஸ்டீம் சில வயது வந்தோர் கேம்களை நீக்கியது. இன்னொரு கேம் தளமான இட்ச் தன் தேடலிலிருந்தே வயது வந்தோர் கேம்களை மறைத்தது. மாதாமாதம் காசு வருகிறவரை கதையை முடிக்க அவசரப்படாதவர்கள் ஒரு பக்கம், காசே வராமல் பாதியில் விட்டுப்போகிறவர்கள் ஒரு பக்கம். முழுசாக முடிந்ததென்று நான் ஆடியவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

அந்தத் துணி துவைக்கும் கடை கேமுக்கும் ஒரு வருஷமாக அப்டேட் இல்லை. ஏழு ஜிபி. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று விண்டோஸ் தினமும் கத்துகிறது. போன வாரம் ஆபீஸ் ஃபைல்களைத்தான் பென்டிரைவுக்கு மாற்றினேன்.